கூட்டக்கூடாத எண்கள்

மழைக்காலத்தில் நாகர்கோவில் டீக்கடையில் பேப்பரைப் பிரிக்கிறவர்களில் பாதிப் பேர் தலைப்புச் செய்தியைத் தாண்டி உள்பக்கத்துக்குப் போய்விடுவார்கள். பொடி எழுத்தில் ஒரு பட்டியல் அங்கே இருக்கும். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிற்றாறு ஒன்று, சிற்றாறு இரண்டு, மாம்பழத்துறையாறு, முக்கடல் என அணைகளின் நீர்மட்டம் அடியில். வரத்தும் வெளியேற்றமும் கனஅடியில். அதன் கீழே மழை: பாலமோர், பூதப்பாண்டி, சுருளோடு, கன்னிமார், மயிலாடி, கொட்டாரம், தக்கலை, இரணியல், குழித்துறை, களியல், முள்ளங்கினாவிளை, ஆனைக்கிடங்கு, கோழிப்போர்விளை, அடையாமடை. எல்லாம் மில்லிமீட்டரில். கன்னிப்பூ சாகுபடிக்கு நாற்றுப் பாவினவருக்கும் கும்பப்பூ சாகுபடிக்குத் தண்ணீர் வருமா என்று கடைவரம்பில் காத்திருப்பவருக்கும் அந்தப் பத்து இருபது வரிகள் போதும். அன்றைய நாளின் நல்லது கெட்டது தெரிந்துவிடும்.

அந்தப் பட்டியல் ஒரு நாளின் ஏடு. ஒரு பக்கம் ஊர்கள், மறுபக்கம் அளவுகள். நேற்றைய ஏட்டை அதன் கீழே வை, முந்தாநாள் ஏட்டை அதற்கும் கீழே வை என்று ஐம்பது வருடத்துக்கு அடுக்கினால் ஒரு ஓலைக்கட்டு கிடைக்கும். ஓலைக்கட்டில் துளையிட்டுக் கயிறு கோப்பதுபோல ‘பேச்சிப்பாறை, நீர்மட்டம்’ என்ற இடத்தில் கயிற்றை இறக்கினால், அது ஐம்பது வருடத்து நீர்மட்டத்தையும் வரிசையாகத் தொட்டுக்கொண்டு போகும். கட்டைக் குறுக்கே அறுத்தால் ஒரு ஊரின் முழு வரலாறு. ஒரே ஒரு ஏட்டை உருவினால் ஒரு நாளின் முழு மாவட்டம். கணினிக்காரர்கள் இந்தக் கட்டைத்தான் க்யூப் என்கிறார்கள். இடம், காலம், அளவு என்ற மூன்றும் அதன் பரிமாணங்கள். ‘அளந்தது’, ‘இயல்பு’ என்று நான்காவதாக ஒன்றைச் சேர்த்தால், பெய்த மழையை அந்த நாளுக்கான நீண்டகாலச் சராசரியோடு ஒப்பிடலாம். நான்கு பரிமாணம் உள்ள பொருளைக் கையில் பிடிக்க முடியாது. கணினிக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

இந்த அத்தியாயத்துக்காக அப்படி ஒரு க்யூபைக் கட்டிப் பார்க்கலாம். இது பாடத்துக்காகக் கட்டுகிற மாதிரிதான். எந்த அலுவலகத்திலும் உள்ளதல்ல. இடங்கள் 24, அவற்றில் 6 அணைகள். அளவுகள் நான்கு: மழை, நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம். ஒரு நாளுக்கு 24 பெருக்கல் 4, ஆக 96 அறைகள். ஐம்பது வருடத்துக்கு ஏறக்குறைய 18,260 நாள். மொத்தம் 17.5 லட்சம் அறைகள். ஆனால் கொட்டாரத்துக்கு நீர்மட்டம் ஏது? தக்கலைக்கு வரத்து ஏது? 24 இடங்களுக்கு மழை, 6 அணைகளுக்கு மட்டும் மற்ற மூன்று அளவுகள் என்று எண்ணினால் 96இல் 42 அறைகளுக்குத்தான் பொருள் உண்டு. பாதிக்கு மேல் காலி. பல்பரிமாணத் தரவுத்தளம் என்ற தொழில்நுட்பமே இந்தக் காலி அறைகளோடு நடத்திய மல்யுத்தம்தான். எந்தெந்தப் பரிமாணம் நெருக்கமாக நிரம்பும், எது ஆங்காங்கே மட்டும் நிரம்பும் என்று முதலிலேயே பிரித்துச் சொல்லிவிட்டால், நிரம்பும் பகுதியை மட்டும் கட்டங்கட்டமாகச் சேமித்து, காலிக்கு இடம் ஒதுக்காமல் தப்பிக்கலாம்.

அந்த உத்தியைக் கொண்டு பேர் வாங்கிய மென்பொருள் எஸ்பேஸ். ‘எக்ஸ்டெண்டட் ஸ்ப்ரெட்ஷீட் டேட்டாபேஸ்’ என்பதன் சுருக்கம். கலிபோர்னியாவின் ஆர்பர் சாஃப்ட்வேர் 1992இல் வெளியிட்டது. அடுத்த வருடமே அதற்கு ஒரு பெரிய மனிதரின் வாழ்த்து கிடைத்தது. அட்டவணைகளை அடிப்படையாகக் கொண்ட தரவுத்தளக் கோட்பாட்டை 1970இல் எழுதிய எட்கர் காட், 1993இல் இந்த வகைப் பல்பரிமாண அலசலுக்கு ‘ஓலாப்’ என்ற சொல்லை அறிமுகப்படுத்தி, அப்படிப்பட்ட மென்பொருளுக்குப் பன்னிரண்டு விதிகளை வகுத்தார். பன்னிரண்டும் எஸ்பேஸுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைபோலப் பொருந்தின. பொருந்தாமல் என்ன செய்யும்? அந்த விதிகள் வந்த கட்டுரைக்குப் பின்னால் இருந்தது ஆர்பரின் பணம். விஷயம் வெளியே வந்தபோது சர்ச்சை ஆனது. சர்ச்சை ஓய்ந்தது, சொல் நிலைத்தது. 1998இல் ஆர்பர் ஹைபீரியனோடு இணைந்தது. 2007இல் ஆரக்கிள் 330 கோடி டாலர் கொடுத்து ஹைபீரியனை வாங்கியது. கம்பெனிகளின் பட்ஜெட், விற்பனை, லாப நஷ்டக் கணக்குகளை மாதாமாதம் அரைத்துத் தள்ளுகிற வேலை எஸ்பேஸுடையது. குமரி மாவட்டத்துப் பொறியியல் கல்லூரிகளில் படித்துவிட்டுச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போனவர்களில் சிலராவது அந்த வேலையில் ராத்திரி ஷிப்ட் பார்த்திருப்பார்கள்.

விற்பனைக் கணக்கு க்யூபுக்கு ஏற்ற சாது. சென்னை விற்பனையும் மதுரை விற்பனையும் கூட்டினால் தமிழ்நாட்டு விற்பனை. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் கூட்டினால் காலாண்டு. எஸ்பேஸோடு வரும் மாதிரித் தரவுத்தளம் ஒரு குளிர்பானக் கம்பெனியின் கணக்கு. அதில் கோலாவைக் கூட்டினால் கோலாதான் வரும். பேச்சிப்பாறை அவ்வளவு சாது இல்லை. அதன் முழு நீர்மட்டம் 48 அடி. பெருஞ்சாணிக்கு 77 அடி. இரண்டையும் கூட்டினால் 125 அடி. அந்த 125 அடிக்கு ஒரு பொருளும் இல்லை. முதல் தேதி 40 அடி, இரண்டாம் தேதி 41 அடி என்று கூட்டிக்கொண்டே போனால் மாதக் கடைசியில் பேச்சிப்பாறை ஒரு மலையளவு உயரமாகிவிடும்.

அதனால் ஒவ்வொரு அளவின் நெற்றியிலும் அது எப்படிக் கூடும் என்று எழுதி ஒட்ட வேண்டும். மழை நாளுக்கு நாள் கூடும்; ஊருக்கு ஊர் கூடாது, சராசரி எடுக்க வேண்டும். நீர்மட்டம் எதிலும் கூடாது; மாதத்தின் நீர்மட்டம் என்றால் கடைசி நாளின் நீர்மட்டம். எஸ்பேஸில் இதற்கு ‘டைம் பேலன்ஸ் லாஸ்ட்’ என்று ஒரு முத்திரை உண்டு. சரக்குக் கையிருப்புக்காக உருவான முத்திரை. அணைத் தண்ணீரும் கையிருப்புதான், அளவாகப் பொருந்திவிடுகிறது. இந்த முத்திரைகளும் ஊர்ப் பெயர்களும் எது எதற்குள் அடங்கும் என்ற குடும்ப மரமும் சேர்ந்ததை அவுட்லைன் என்பார்கள். அவுட்லைன்தான் க்யூபின் எலும்புக்கூடு. எண்கள் அதன்மேல் ஏறுகிற சதை.

எலும்பும் சதையும் ஆனபின் அதை ஆள வேண்டும். எண்ணை ஏற்றுவது, கணக்கைப் போடுவது, பேக்கப் எடுப்பது, யாருக்கு எது தெரியலாம் என்று வரம்பு கட்டுவது, வேலை நடக்கும்போது ஆட்களை வெளியே நிறுத்துவது. இதையெல்லாம் மௌஸைக் கிளிக் செய்தும் செய்யலாம். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு யார் உட்கார்ந்து கிளிக் செய்வார்கள்? அதற்காக உள்ளது கட்டளை மொழி. எஸ்பேஸில் முதலில் இருந்த மொழி எஸ்கமாண்ட். அதில் கோப்பு எங்கே, எந்த வகை, பிழை வந்தால் நிற்கவா என்பதற்கெல்லாம் எண்ணாகவும் ஒற்றை எழுத்தாகவும் இடவரிசைப்படி மதிப்புகளைக் கொடுக்க வேண்டும். மூன்றாம் இடத்தில் போட வேண்டியதை நான்காம் இடத்தில் போட்டால் அர்த்தமே மாறிவிடும். எழுதினவருக்கே ஆறு மாதம் கழித்துப் புரியாது. அதை ஓய்வுபெறச் செய்து வந்தது மேக்ஸ்எல். இதில் ஒவ்வொரு கட்டளையும் ஒரு வாக்கியம். முதலில் வினை, பிறகு எதன்மேல், பிறகு எப்படி, கடைசியில் அரைப்புள்ளி. வினைகள் அதிகமில்லை: கிரியேட், ஆல்ட்டர், டிஸ்ப்ளே, டிராப், கிராண்ட், இம்போர்ட், எக்ஸ்போர்ட், எக்ஸிக்யூட், குவெரி. உண்டாக்கு, மாற்று, காட்டு, ஒழி, உரிமை கொடு, உள்ளே ஏற்று, வெளியே இறக்கு, நடத்து, விசாரி. க்யூபிடம் கேள்வி கேட்க எம்டிஎக்ஸ் என்று தனி மொழி இருக்கிறது. மேக்ஸ்எல்லின் வேலை ஆட்சி.

ஆட்சி என்றதும் இந்த மண்ணின் பழைய ஆணைகள் நினைவுக்கு வருவது தவிர்க்க முடியாது. திருவிதாங்கூர் அரசாணைக்கு நீட்டு என்று பெயர். கொல்லம் ஆண்டும் மாதமும் தேதியும் சொல்லி, யாருக்கு என்று சொல்லி, என்ன செய்ய வேண்டும் என்று சொல்லி முடியும் ஓலை. நாஞ்சில் நாட்டில் அழகியபாண்டியபுரத்துப் பெரியவீட்டு முதலியார் குடும்பத்தில் சேர்ந்து கிடந்த ஓலைகளைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை கண்டெடுத்தார். பிற்காலத்தில் அ.கா. பெருமாள் அவற்றைப் பதிப்பித்தார். நிலம், வரி, தண்ணீர், அடிமை விற்பனை என்று அந்த ஓலைகளில் இருப்பதெல்லாம் நிர்வாகம். நீட்டில் தெளிவில்லாவிட்டால் கீழே உள்ள அதிகாரி ஆளனுப்பிக் கேட்கலாம். மேக்ஸ்எல் வாக்கியத்தை வாங்கிக்கொள்ளும் செர்வர் கேட்காது. இலக்கணம் சரியாக இருந்தால் செய்துவிடும்.

நமது மழை க்யூபுக்கான ஒரு ராத்திரி வேலை இப்படி இருக்கும். உண்மையில் இவை ஆங்கில எழுத்துகளில்தான் விசைப்பலகையில் அடிக்கப்படும். இங்கே ஒலிப்பு மட்டும். மழை என்பது அப்ளிகேஷனின் பெயர், தினம் அதற்குள் உள்ள தரவுத்தளம்.

ஆல்ட்டர் அப்ளிகேஷன் மழை டிசேபிள் கனெக்ட்ஸ்;

புதிதாக யாரும் உள்ளே வரக்கூடாது என்று வாசலை அடைக்கிறது இது. அடைத்தால் போதாது, ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருப்பவர்களை எழுப்ப வேண்டும்.

ஆல்ட்டர் சிஸ்டம் லாக்அவுட் செஷன் ஆன் டேட்டாபேஸ் மழை.தினம் ஃபோர்ஸ்;

மேல்மடையை அடைக்காமல் யாரும் வாய்க்காலைத் தூர்வார இறங்குவதில்லை. இங்கேயும் அதே வரிசை. அடுத்து எக்ஸ்போர்ட், இருப்பதை அப்படியே ஒரு கோப்பில் இறக்கி வைக்க. அதன்பின் இம்போர்ட், புது எண்களை ஏற்ற. அந்த வாக்கியத்தின் வால்தான் முக்கியம்: ‘ஆன் எரர் ரைட் டு’ என்று ஒரு கோப்பின் பெயரைக் கொடுத்தால், ஏறாத வரிகளை அதில் எழுதிவைத்துவிட்டு மற்றவற்றை ஏற்றும். ‘ஆன் எரர் அபார்ட்’ என்றால் முதல் பிழையிலேயே வேலையை நிறுத்திவிடும். பிறகு எக்ஸிக்யூட் கால்குலேஷன். மாத, வருட, மாவட்டக் கணக்குகள் போடப்படும். கடைசியாக எனேபிள் கனெக்ட்ஸ், வாசல் திறக்கும்.

கேட்க எளிது. விவகாரம் எங்கே என்றால் நடுவில் ஏதாவது தவறும்போது. இம்போர்ட் தோற்று, அதைப் பார்க்காமல் இந்த வாக்கியங்களை அடுக்கின ஸ்கிரிப்ட் அடுத்த வரிக்குப் போனால், நேற்றைய எண்களுக்கே மறுபடி கணக்குப் போட்டு வாசலைத் திறந்துவிடும். காலையில் வருகிறவர்கள் நேற்றைய அணையை இன்றைய அணை என்று நம்புவார்கள். தோற்ற இடத்திலேயே ஸ்கிரிப்ட் நின்றுவிட்டால், எண்கள் கெடாது; ஆனால் அடைத்த வாசல் அடைத்தபடியே இருக்கும், காலை ஒன்பது மணிக்கு ஒருவரும் உள்ளே போக முடியாது. அதனால் மேக்ஸ்எல்லில் ‘இஃப்எரர்’ என்று ஒரு வாக்கியம் இருக்கிறது: முந்திய கட்டளை தவறினால் ஸ்கிரிப்டின் குறிப்பிட்ட இடத்துக்குத் தாவு. எங்கே தாவ வேண்டும், தாவிய இடத்தில் வாசலைத் திறப்பதா கூடாதா என்பது எழுதுகிறவரின் பொறுப்பு. அனுபவமுள்ள அட்மின்களையும் புதியவர்களையும் பிரித்துக் காட்டுவது இந்த ஒரு வரிதான். புதியவரின் ஸ்கிரிப்டில் எல்லாம் நன்றாக நடக்கும் என்ற நம்பிக்கை தெரியும்.

இன்னொரு வாக்கியத்தை அவர்கள் கொஞ்சம் பயத்தோடு அடிப்பார்கள்.

ஆல்ட்டர் டேட்டாபேஸ் மழை.தினம் ரீசெட் டேட்டா;

எல்லா எண்களும் அழியும். அவுட்லைன் அப்படியே இருக்கும். கோப்பிலிருந்து எண்களைத் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். ‘டேட்டா’ என்ற சொல்லுக்குப் பதில் ‘ஆல்’ என்று அடித்தால் அவுட்லைனும் சேர்ந்து போகும். 24 ஊர்கள், 18,260 நாட்கள், நீர்மட்டம் கூட்டக்கூடாது என்று ஒட்டின முத்திரைகள், எல்லாம். ‘உறுதியாகத்தானா?’ என்று ஒரு பெட்டி திரையில் முளைக்காது. மேக்ஸ்எல் ஷெல்லில் அந்த மரியாதை கிடையாது. ‘வேலை முடிந்தது’ என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான்.

பேக்கப் எடுக்கிற வாக்கியத்திலும் ஒரு பள்ளம் உண்டு. ‘பிகின் ஆர்கைவ்’ என்றால் தரவுத்தளம் படிக்க மட்டும் என்ற நிலைக்குப் போகும், எழுத முடியாது. கோப்புகளை நகலெடுத்தபின் ‘எண்ட் ஆர்கைவ்’ சொல்ல வேண்டும். சொல்ல மறந்தால் மறுநாள் மழையை ஏற்ற முடியாது. யாரோ பூட்டிவிட்டுச் சாவியோடு ஊருக்குப் போன கதைதான்.

பிழைக்கோப்பைத் திறந்து பார்த்தால் அதில் பெரும்பாலும் கிடப்பது பெயர்த் தகராறு. ஒரு பட்டியலில் சுருளோடு, இன்னொன்றில் சுருளகோடு. ஒருவருக்கு ஆனைக்கிடங்கு, இன்னொருவருக்கு ஆணைக்கிடங்கு. கோழிப்போர்விளையில் ஒரு ‘ப்’ இருக்கிறதா இல்லையா என்பது எழுதும் கையைப் பொறுத்தது. மனிதர் படித்தால் ஒரே ஊர். அவுட்லைனில் இல்லாத பெயர் வந்தால் எஸ்பேஸ் அந்த வரியைத் தள்ளிவிடும். மாற்றுப் பெயர்களைப் பட்டியலிட்டு வைப்பதுதான் வழி. குமரி மாவட்டத்து ஊர்ப்பெயர்களுக்குத் தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று, ஆங்கிலத்தில் வெள்ளைக்காரன் எழுதிவைத்தது ஒன்று என்று மூன்று பெயராவது தேவைப்படும்.

எண்ணிலும் சந்தேகம் வரும். ஏற்றுவதற்கு முன் ‘இவ்வளவுக்கு மேல் இருந்தால் தள்ளு’ என்று விதிக்கோப்பில் ஒரு வரம்பு வைப்பது நல்ல பழக்கம். 95.0 மில்லிமீட்டரை அடிக்கும்போது புள்ளி விட்டுப்போய் 950 ஆவது சாதாரணமாக நடக்கும். ஒருநாள் மழை 500 மில்லிமீட்டரைத் தாண்டினால் தட்டச்சுப் பிழை என்று ஒருவர் விதி எழுதினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒரு மாவட்டம் தள்ளியுள்ள தூத்துக்குடியில், காயல்பட்டினத்தில், 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் பெய்தது 95 சென்டிமீட்டர். 950 மில்லிமீட்டர். புள்ளி விட்டுப்போகவில்லை. அந்த விதி இருந்திருந்தால், தென்மாவட்டங்களை மூழ்கடித்த அந்த நாளில் அந்த எண் க்யூபுக்குள் ஏறாமலே போயிருக்கும்.

அந்தத் தேதியிலேயே இன்னொரு நுணுக்கம் ஒளிந்திருக்கிறது. இந்தியாவில் மழைமானியைக் காலை 8.30 மணிக்குப் பார்ப்பார்கள். முந்திய நாள் 8.30 முதல் பெய்ததெல்லாம் பார்த்த நாளின் கணக்கில் சேரும். அக்டோபர் 5ஆம் தேதி மழை என்று எழுதியிருப்பது பெரும்பாலும் 4ஆம் தேதி பகலிலும் ராத்திரியிலும் பெய்தது. அணைக்கு வரும் வரத்தை மழையோடு ஒப்பிடுகிறவர் இதை மறந்தால், மலையில் மழை பெய்யும் முன்பே கோதையாற்றில் வெள்ளம் வந்துவிட்டதாகக் கண்டுபிடிப்பார்.

இனி அவுட்லைன் மாறும் சமாச்சாரம். கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது அதற்கு நான்கு தாலுகா: தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு. நெடுநாள் கழித்துத் திருவட்டாறும் கிள்ளியூரும் புதிதாகப் பிரிந்து ஆறாகின. பேச்சிப்பாறை இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. அதன் மேலிருந்த பெயர் மட்டும் கல்குளத்திலிருந்து திருவட்டாறு ஆனது. க்யூபில் பேச்சிப்பாறையைத் தூக்கித் திருவட்டாறின் கீழ் வைத்தால், 1980ஆம் வருடத்துக் கல்குளம் மழையும் பின்னோக்கி மாறிவிடும். அன்று அச்சான அறிக்கையோடு இன்றைய க்யூப் ஒத்துப்போகாது. வைக்காவிட்டால் இன்றைய தாசில்தாரின் கணக்கோடு ஒத்துப்போகாது. இரண்டு குடும்ப மரங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, அதே ஊரை இரண்டிலும் பங்காளியாக்குவது வழக்கம். அவுட்லைனை மாற்றினதும் உள்ளே இருக்கும் எண்கள் புது எலும்புக்கூட்டுக்கு ஏற்ப இடம்மாற்றி அடுக்கப்படும். பெரிய தரவுத்தளங்களில் இது மணிக்கணக்கில் ஓடும். வாசல் ஏன் அடைத்திருக்க வேண்டும் என்பது இங்கேதான் புரியும்.

ஐம்பது வருடத்துக்கு முன்னாலும் க்யூபை நீட்ட நினைத்தால் காலத்துக்கும் இரண்டு மரம் வேண்டும். திருவிதாங்கூர் நிர்வாக அறிக்கைகள் கொல்லம் ஆண்டுப்படி எழுதப்பட்டவை. கொல்லம் 1080 என்பது 1904 ஆகஸ்ட் நடுவில் சிங்ஙம் மாதத்தில் தொடங்கி 1905 ஆகஸ்ட் நடுவில் முடிகிறது. பேச்சிப்பாறை அணைக்கட்டு வேலை மின்சின் என்ற பொறியாளரின் மேற்பார்வையில் 1897 முதல் 1906 வரை நடந்த காலம் அது. அந்த ஆண்டு மழையை 1904இல் போடுவதா 1905இல் போடுவதா? இரண்டிலும் போடக்கூடாது. கொல்லம் ஆண்டுக்குத் தனிக் கிளை வேண்டும். கன்னிப்பூ, கும்பப்பூ என்று சாகுபடிப் பருவத்துக்கும் ஒரு கிளை வைத்தால் விவசாயிக்கு உதவும். ஜனவரி-மார்ச் காலாண்டை வைத்துக்கொண்டு நாஞ்சில் நாட்டு விவசாயி ஒன்றும் செய்யப்போவதில்லை.

உரிமை கொடுக்கும் கட்டளையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ‘கிரியேட் ஃபில்ட்டர்’ என்று ஒரு சல்லடை செய்து, தோவாளைக்குக் கீழே உள்ள ஊர்களில் மட்டும் எழுதலாம், மற்றதைப் படிக்கலாம் என்று வரம்பு கட்டி, ‘கிராண்ட்’ என்ற வாக்கியத்தால் அந்தச் சல்லடையை ஒருவர் கையில் கொடுப்பார்கள். அட்டவணைத் தரவுத்தளத்தில் வரிசைக்கும் பத்திக்கும் வேலி போடுவார்கள். இங்கே ‘பெருஞ்சாணி, நீர்மட்டம், இந்த மாதம்’ என்று ஒரு மூலைக்கு மட்டும்கூட வேலி போடலாம்.

இவ்வளவு கட்டளைகளில் மிகச் சிறியதாகத் தோன்றி மிக அதிகம் கெடுக்கக்கூடியது ஒன்று மீதி இருக்கிறது. எஸ்பேஸில் பூஜ்யம் வேறு, ‘மிஸ்ஸிங்’ வேறு. பூஜ்யம் என்றால் மழைமானியைப் பார்த்தார்கள், துளிகூட இல்லை. மிஸ்ஸிங் என்றால் பார்த்தார்களா என்பதே தெரியாது. பத்து நாள் பூஜ்யமும் இருபது நாள் 6 மில்லிமீட்டரும் என்றால் சராசரி 4. அதே பத்து நாள் மிஸ்ஸிங் என்றால் சராசரி 6. பயிருக்கு இது சாதாரண வித்தியாசம் இல்லை.

இப்போது கொல்லம் 1080க்கு வருவோம். பழைய அறிக்கையிலிருந்து அந்த ஆண்டின் மொத்த மழை ஒரு எண்ணாகக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாள்வாரிக் கணக்கு இல்லை. அட்மின் அந்த எண்ணை நேராக ஆண்டின் அறையில் ஏற்றுகிறார். அதற்குக் கீழே 365 நாட்களும் மிஸ்ஸிங். அன்று ராத்திரி கணக்குப் போடும் கட்டளை ஓடுகிறது. நாட்களைக் கூட்டி ஆண்டில் வை என்பது அதன் வேலை. கீழே ஒன்றுமில்லாதபோது மேலே உள்ளதை என்ன செய்வது? இயல்பு நிலையில் எஸ்பேஸ் அதைத் தொடாது. கீழே ஒன்றும் இல்லை, மேலே இருப்பது இருக்கட்டும் என்று விட்டுவிடும். ஆனால் இப்படி ஒரு வாக்கியம் இருக்கிறது:

ஆல்ட்டர் டேட்டாபேஸ் மழை.தினம் எனேபிள் அக்ரிகேட்_மிஸ்ஸிங்;

இதைப் போட்டால் கணக்கு வேகமாக ஓடும். எல்லா எண்களும் அடிமட்டத்தில் மட்டுமே ஏற்றப்படும் கம்பெனிக் கணக்குகளில் இதைப் போடச் சொல்லி வழிகாட்டிகளே பரிந்துரைக்கும். அங்கே இது சரியும்கூட. மழை க்யூபில் போட்டால், 365 வெற்றிடங்களின் கூட்டுத்தொகை ஒரு வெற்றிடம் என்று முடிவெடுத்து, ஆண்டின் அறையில் இருந்த எண்ணின்மேல் அந்த வெற்றிடத்தை எழுதும். கொல்லம் 1080 மழை காணாமல் போகும். 1081ம் அதேபோல. பிழைக்கோப்பில் ஒரு வரிகூட வராது, ஏனென்றால் பிழை எதுவும் நடக்கவில்லை, சொன்னதைச் செய்திருக்கிறது. யாராவது நூறு வருடத்துக்கு முந்திய மழையைத் தேடிப் போகும் வரைக்கும் இது தெரியவும் தெரியாது. கால் நூற்றாண்டு எஸ்பேஸோடு மல்லுக்கட்டியவர்களுக்குக்கூட இந்த ஒரு சொல்லில் கை நடுங்குவது நியாயம்தான்.

காலை நாளிதழின் பட்டியலிலும் இதே சிக்கல் அச்சாகி வருகிறது. மழை பெய்த ஊர்களின் பெயர் மட்டும் போடுவதே பெரும்பாலும் வழக்கம். நாளைக் காலை பேப்பரைப் பிரிக்கும்போது அதில் இருக்கும் பெயர்களை மட்டுமல்ல, இல்லாத பெயர்களையும் எண்ணிப் பாருங்கள். கன்னிமார் இல்லை, அடையாமடை இல்லை என்றால், அங்கே மழை பெய்யவில்லையா, செய்தி வரவில்லையா?